மூன்றாவது பெடல் யாருக்காக?

சென்ற வாரம் காலை நிகழ்ச்சி முடிந்ததும் கைப்பேசியில் ஒரு நேயரின் குரல் பதிவு வந்திருந்தது. கிள்ளானிலிருந்து பேசியிருந்தார். வீட்டில் ஒரு ஃபோர்வீல் டிரைவ் பிக்கப் வாங்கப் போகிறார்களாம். கணவர் மேனுவல் கியர்தான் வேண்டும் என்கிறார். "காட்டுக்குள்ள போற வண்டிக்கு எதுக்கு ஆட்டோ? ஆட்டோ எடுத்தா மால் பார்க்கிங்லதான் ஓட்டலாம்" என்பது அவர் கட்சி. மனைவிக்கு ஆட்டோதான் வேண்டும். காரணம், அவர் கையில் இருப்பது டிஏ லைசென்ஸ். "நீங்களே சொல்லுங்க, யார் சொல்றது சரி?" என்று பஞ்சாயத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

இரண்டு பாடல்களுக்கு நடுவே சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. இங்கே இடம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

முதலில் ஒன்றை ஓரமாக வைத்துவிடலாம். மாமாக் கடையில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். தே தாரேக் ஆறுவதற்குள் அது வண்டியைப் பற்றிய பேச்சாக இருக்காது. "என்ன மச்சான், ஆட்டோவா? கிளட்ச் மிதிக்கக் கால் வலிக்குதா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார், அப்புறம் வாங்குகிறவர் வண்டியைப் பார்த்து வாங்க மாட்டார், அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேரைப் பார்த்து வாங்குவார். மாதத் தவணை கட்டப் போவது அந்த நான்கு பேரும் இல்லை.

காட்டு வண்டி என்றால் மேனுவல் என்ற எண்ணம் நம் ஊரில் ஊறிப் போனதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. அதன் பெயர் லேண்ட் ரோவர். 1948-ல் வந்த அந்த முதல் வண்டிக்கு நான்கு கியர், எல்லாம் கையால் போடுவது. கேமரன் மலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: தகரம் துருப்பிடித்து, கதவு ஒரு நிறம், முகப்பு ஒரு நிறமாக, கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு, நம்மில் பலரைவிட வயதில் மூத்த லேண்ட் ரோவர்கள் இன்றும் மலைச்சரிவில் ஏறி இறங்குகின்றன. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த நம் குடும்பங்களில் தாத்தா, மாமா என்று யாராவது ஒருவர் அந்த வண்டியைப் பற்றிக் கதை சொல்லியிருப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு மேனுவல்தான் கண்ணுக்குச் சரியாகப் படும்.

ஆனால் ஆட்டோ கியர் சொகுசுக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்தால் அது சரித்திரம் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கி கியர்பாக்ஸை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் அது ராணுவ டாங்கிகளில் ஏறிவிட்டது. எம்5 ஸ்டுவர்ட் என்ற இலகு ரக டாங்கி ஓடியது அதில்தான். பிறகு வந்த அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டியும் ஆட்டோதான். யோசித்தால் காரணம் புரியும். குண்டு விழுகிற இடத்தில் ஓட்டுகிறவர் பாதையைப் பார்க்க வேண்டும், எந்தக் கியரில் இருக்கிறோம் என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

இன்றைக்கு நிலவரம் இன்னும் தெளிவு. அந்த லேண்ட் ரோவரின் நேரடி வாரிசான புதிய டிஃபெண்டர் ஆட்டோவில் மட்டுமே வருகிறது. பழைய டிஃபெண்டரை விரும்பியவர்களுக்காகவே செய்யப்பட்ட இனியோஸ் கிரனடியரும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் சுரங்கங்களிலும் பண்ணைகளிலும் மேனுவலோடு பெயர் வாங்கிய டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசைக்குக்கூட 2023-ல் ஆறு கியர் ஆட்டோ வந்துவிட்டது. நம் சந்தையில் பிக்கப் விலைப்பட்டியலைப் பார்த்தால் மேனுவல் பெரும்பாலும் கீழ்நிலை ரகங்களில், அதாவது சாமான் ஏற்றுவதற்காக வாங்கும் ரகங்களில்தான் மிஞ்சியிருக்கிறது.

அதற்காக மேனுவலின் காலம் முடிந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு இடத்தில் அது இன்னும் ராஜா. அங்கே வருவதற்கு முன், இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று ஒரு வரியில் பார்த்துவிடுவோம்.

மேனுவலில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கிளட்ச் தட்டு. ஒட்டினால் முழுப் பிடிப்பு, மிதித்தால் பிடிப்பே இல்லை. ஆட்டோவில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. வீட்டில் ஒரு மேசை விசிறியை ஓடவிட்டு, எதிரே ஓடாத இன்னொரு விசிறியை வைத்தால் அதன் இறக்கைகளும் மெல்லச் சுழலும் இல்லையா? அதேதான், காற்றுக்குப் பதில் எண்ணெய். இன்ஜின் பக்கத்து விசிறி எண்ணெயைத் தள்ள, அந்தத் தள்ளலில் கியர்பாக்ஸ் பக்கத்து விசிறி சுழல்கிறது. இரும்பும் இரும்பும் நேராகப் பிணையாததால் வண்டி நின்றாலும் இன்ஜின் அணையாது. அதோடு, வண்டி நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது இன்ஜினின் முறுக்கு விசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தரும் குணமும் இந்தக் கன்வெர்ட்டருக்கு உண்டு.

இப்போது சேற்றுக்கு வருவோம். நம் நாட்டுச் சேற்றை லேசாக நினைக்க வேண்டாம். 1997-ல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டிக்கு வெளிநாட்டுக்காரர்கள் மழைக்காலத்தைத் தேடி இங்கே வந்ததே இந்தச் சேற்றுக்காகத்தான். ஆனால் நமக்குப் போட்டி வேண்டாம், மழை பெய்த மறுநாள் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை போதும். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், சக்கரம் பட்டதும் சோப்பு.

அந்தச் சேற்றில் வண்டியைக் காப்பாற்றுவது ஓட்டத்தின் வேகம்தான். மேனுவலில் நடுச்சேற்றில் கியர் மாற்றினால், கிளட்ச் மிதிபட்ட அந்த அரை வினாடியில் சக்கரத்துக்கு விசை இல்லை. தார்ச்சாலையில் அரை வினாடியை யாரும் கவனிக்க மாட்டார்கள். சேறோ அதற்குள் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கிளட்சை விட்டால் விசை ஒரே உதையாக வந்து, சக்கரம் நின்ற இடத்தில் சுற்றி, குழி தோண்டி உட்கார்ந்துவிடும். பழகியவர்கள் இதைத் தவிர்க்கச் சரியான கியரை முன்பே போட்டுக்கொண்டு கடைசி வரை மாற்றாமல் போவார்கள். அது கைத்திறன், வர சில வருடம் ஆகும். ஆட்டோவில் கியர் மாறும்போதும் விசை அறுபடுவதில்லை. முதல் முறை காட்டுக்குப் போகிறவருக்கும் அந்தச் சலுகை முதல் நாளே கிடைக்கிறது.

வேர், பாறை, உடைந்த பாலத்துக் கட்டை என்று அங்குலம் அங்குலமாக ஏற வேண்டிய இடத்திலும் இதே கதை. மேனுவலில் கிளட்சைப் பாதி மிதித்துப் பாதி விட்டு ஏறும்போது கருகிய வாடை மூக்குக்கு வரும். அது கிளட்ச் தட்டின் ஆயுள் புகையாகப் போகிற வாடை. ஆட்டோவில் பிரேக்கை மெல்லத் தளர்த்தினால் வண்டி தானே ஊர்ந்து ஏறும்.

ஏற்றத்தில் பாதி வழியில் வண்டி நின்றுவிட்டால்தான் இருவருக்கும் உண்மையான சோதனை. ஆட்டோக்காரர் பிரேக்கை அழுத்திப் பிடித்து, ரிவர்ஸ் போட்டு, நேராகப் பின்னால் இறங்க வேண்டும். நியூட்ரலுக்கு மட்டும் போகவே கூடாது. மேனுவல்காரருக்கு வேலை அதிகம். இன்ஜின் அணைந்திருக்கும், பிரேக்கை விட முடியாது, கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போட்டு, இன்ஜினை உயிர்ப்பித்து, கிளட்சை முழுதாக விட்ட பிறகுதான் பிரேக்கைத் தளர்த்தலாம். வரிசை ஒன்று மாறினால் வண்டி தன்னிஷ்டத்துக்குப் பின்னால் ஓடும். பின்னால் ஓடுகிற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் குறுக்கே விழுந்து புரள்வதுதான் பாக்கி.

இதுவரை ஆட்டோவின் பக்கமே பேசியாகிவிட்டது. இனி இறக்கம். மேனுவல் ராஜா என்று சொன்னேனே, அந்த இடம் இதுதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன், பயப்பட வேண்டாம். ஃபோர்வீல் வண்டியில் "லோ ரேஞ்ச்" போட்டு முதல் கியரில் வைத்தால், சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது? அந்த எண் பெரிதாக இருந்தால் வண்டி அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பலமாக நகரும். 2018-ல் வந்த ஜீப் ரேங்லர் ரூபிகானில் மேனுவலுக்கு அது சுமார் 84, ஆட்டோவுக்கு சுமார் 77. ஏற்றத்தில் இந்த வித்தியாசத்தைக் கன்வெர்ட்டர் இரண்டு மடங்கு விசை கொடுத்து ஈடுகட்டிவிடும். இறக்கத்தில் அந்த மந்திரம் பலிக்காது. அங்கே சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. மேனுவலில் சக்கரமும் இன்ஜினும் இரும்பாகப் பிணைந்திருப்பதால் இன்ஜின் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் பிடிப்பது போல் பிடிக்கும். ஆட்டோவில் நடுவே எண்ணெய். மெதுவான வேகத்தில் கொஞ்சம் வழுக்கும், பிடி தளரும்.

அதனால் ஈரமான செங்குத்து இறக்கத்தில், முழுச் சுமையோடு, லோ ரேஞ்ச் முதல் கியரில் காலை எந்தப் பெடலிலும் வைக்காமல் நிதானமாக இறங்குகிற மேனுவல் வண்டியைப் பார்ப்பது தனி அழகு. புது ஆட்டோ வண்டிகளில் இதற்காகவே இறக்கக் கட்டுப்பாட்டுப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். அது ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தானே தட்டித் தட்டிப் பிடிக்கும். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பிடிப்பது பிரேக்தான் என்பதை மறக்க வேண்டாம், நீண்ட இறக்கத்தில் அதுவும் சூடாகும்.

மேனுவலுக்கும் ஒரு பொறி உண்டு, நகரத்தில் ஓட்டிப் பழகியவர்கள் விழுவது அதில்தான். வண்டி வேகமாகப் போகிறது என்று பயம் வந்தால் நம் இரண்டு காலும் தானாக இரண்டு பெடலை மிதிக்கும். கிளட்ச் மிதிபட்ட நொடியில் கயிறு அறுந்தது. பிடித்துக்கொண்டிருந்த இன்ஜின் விலகிவிட, பிரேக் மட்டும் போட்டு, சக்கரம் பூட்டி, வண்டி சறுக்கு மரத்தில் போவது போல் போகும். இறக்கத்தில் கிளட்சைத் தொடாதிருக்க இடது காலைத் தரையில் ஊன்றச் சொல்லித் தருவார்கள். சொல்வது சுலபம். பயந்த கால் சொன்ன பேச்சு கேட்காது.

காட்டுப் பக்கமே போகாத குடும்பங்களும் இந்த இறக்கப் பாடத்தை விட்டுவிட வேண்டாம். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது "குனாக்கான் கியர் ரெண்டா" என்ற அறிவிப்புப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். தாழ்ந்த கியரைப் பயன்படுத்துங்கள் என்று அது ஆட்டோக்காரர்களுக்கும்தான் சொல்கிறது. எத்தனை பேர் "டி"யிலேயே வைத்துக்கொண்டு, அடிவாரம் வரை பிரேக் விளக்கு எரிய, வாடை அடிக்க இறங்குகிறார்கள்! உங்கள் வண்டியில் "எல்", "எஸ்", "பி", "எம்" என்று ஏதாவது ஒரு எழுத்து சும்மா இருக்கிறதா? அது அலங்காரத்துக்கு இல்லை. எது தாழ்ந்த கியரைப் பிடிக்கும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தாப்பாவிலிருந்து கேமரன் ஏறும் 59-ஆம் எண் சாலைக்கும் இதே பேச்சு.

அடுத்தது தண்ணீர். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது உயரமான ஃபோர்வீல் வண்டிக்காரர்கள் பலர் உதவிக்கு இறங்கியதை நாம் மறக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் பலருக்கு வீட்டில் ஒரு பிக்கப் இருக்கட்டும் என்ற ஆசையே வந்தது. ஆசை நியாயமானது. ஆனால் எந்த வண்டிக்கும் ஓர் அளவு உண்டு. இன்றைய ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீட்டர், ரேஞ்சருக்கு 800 மில்லிமீட்டர் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது தேங்கிய நீரில், மெதுவாகப் போவதற்கு. ஓடுகிற வெள்ளத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஓடும் நீர் பிக்கப்பையும் தூக்கும்.

தண்ணீரில் மேனுவல்காரர் கியர் மாற்றக் கூடாது. கிளட்சை மிதித்தால் தட்டுகளுக்கு நடுவே நீரும் மணலும் புகும். ஆட்டோக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. வேறொரு கவலை இருக்கிறது. ஓடிச் சூடான கியர்பாக்ஸ் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாக வெளியிலிருந்து உறிஞ்சும். அந்தக் குழாயின் முனை நீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் நீரை உறிஞ்சும். மேனுவலுக்கும் மூச்சுக்குழாய் உண்டுதான், ஆனால் நீர் புகுந்தால் எண்ணெயை மாற்றிப் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஆட்டோவின் உள்ளே இருக்கும் உராய்வுத் தட்டுகள் பசையால் ஒட்டியவை, நீர் பட்டால் உரிந்து வரும். குழாயை உயரத்துக்கு நீட்டிவிட அதிகச் செலவில்லை. காட்டுப் பயணம் போகிற எண்ணம் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். கூரை மேல் விளக்கு வரிசை பிறகு வரட்டும்.

பழுது பார்ப்பதில் மேனுவலுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. குவா மூசாங் பக்கத்திலோ ராவ்ப்பிலோ ஒரு சின்ன வொர்க்‌ஷாப்பில் எந்த ஃபோர்மனும் கிளட்ச் தட்டு மாற்றிவிடுவார். ஆட்டோ கியர்பாக்ஸைத் திறக்க அதற்கென்று இருப்பவரிடம்தான் போக வேண்டும், பில் வேறு மாதிரி வரும். பேட்டரி செத்தால் மேனுவலைத் தள்ளி உயிர்ப்பிக்கலாம், ஆட்டோவைத் தள்ளினால் நமக்குத்தான் மூச்சு வாங்கும். ஆட்டோவுக்குச் சூடும் எதிரி. ஆழமான சேற்றில் "ஹை"யிலேயே வைத்து ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் கன்வெர்ட்டரில் எண்ணெய் கொதிக்கும். லோ ரேஞ்சுக்கு மாற்றினாலே பாதிச் சூடு குறையும். இதைத் தெரியாமலே "ஆட்டோ காட்டுக்கு ஆகாது" என்று தீர்ப்பு எழுதியவர்கள் உண்டு.

எல்லா ஆட்டோவும் ஒன்று இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலே பேசியது கன்வெர்ட்டர் வைத்த பிக்கப் ஆட்டோவைப் பற்றி. பெரோடுவா அத்திவா போல பார்க்க எஸ்யூவியாக இருந்தாலும் முன்சக்கரம் மட்டும் இயங்கும் சிவிடி வண்டியை, "இதுவும் ஆட்டோதானே" என்று தோட்டத்துச் சேற்றில் இறக்க வேண்டாம். அது நல்ல ஊர் வண்டி.

சரி, கிள்ளான் பஞ்சாயத்துக்கு வருவோம்.

அந்தச் சகோதரி குரல் பதிவில் டிஏ லைசென்ஸ் என்று சொன்னதைக் கணவர் ஒரு சின்ன விஷயமாக நினைக்கிறார் என்று தோன்றியது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. டி உரிமம் வைத்திருப்பவர் இரண்டையும் ஓட்டலாம். டிஏ வைத்திருப்பவர் ஆட்டோ மட்டும்தான். மேனுவலை எடுத்தால் அது சட்டப்படி அவருக்கு உரிமம் இல்லாத வண்டி. விபத்து என்று வந்தால் காப்புறுதியிலும் கேள்வி எழும். இன்று கல்லூரி முடித்து வரும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் டிஏதான் எடுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யார் யாரிடம் எது இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

இப்போது யோசியுங்கள். குடும்பமாக ஒரு அருவிக்குப் போகிறார்கள். மேனுவல் வண்டி. சிக்னல் இல்லாத இடம். பாறையில் வழுக்கி ஓட்டியவரின் கணுக்கால் பிசகிவிடுகிறது, அல்லது குளவி கொட்டி முகம் வீங்குகிறது. வண்டி நல்ல நிலையில் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, பக்கத்தில் வயது வந்த இன்னொருவர் இருக்கிறார். அவரால் அதை ஓட்ட முடியாது. இடது கால் பிசகினால் கணவராலேயே கிளட்ச் மிதிக்க முடியாது. அந்த நேரத்தில், 84-க்கும் 77-க்கும் உள்ள வித்தியாசம் யாருக்கு வேண்டும்?

காட்டுக்குப் போகிற வண்டியை வீட்டில் குறைந்தது இரண்டு பேர் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். என் கணக்கில் இது டயருக்கும் டிஃப் லாக்குக்கும் முன்னால் வருகிறது. அதனால் என் ஓட்டு சகோதரிக்கு. கணவருக்கு மேனுவல் மேல் அப்படித்தான் உயிர் என்றால், வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் மேனுவல் பயின்று, சோதனை எழுதி, டி உரிமத்துக்கு மாறட்டும். செலவைக் கணவரே ஏற்கட்டும், ஆசை அவருடையது. பிறகு வாரக் கடைசியில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டவும் விட வேண்டும். "நீ தள்ளு, நான் பார்த்துக்கிறேன்" என்று சாவியைப் பிடுங்குவதானால் அந்த லைசென்ஸால் பயன் இல்லை.

இன்னொன்றையும் கணவர் கணக்கில் சேர்க்க வேண்டும். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறவர் ஃபெடரல் நெடுஞ்சாலையில் வாரத்தில் ஐந்து நாள் காலையும் மாலையும் ஊர்கிறார். காட்டுக்கு மாதம் ஒரு முறை போனால் அதிகம். நெரிசலில் நூறு முறை கிளட்ச் மிதித்த அலுப்போடு வெள்ளிக்கிழமை இரவு காட்டுக்குக் கிளம்புகிறவரை நினைத்தால் எனக்கே கால் வலிக்கிறது.

மேனுவல் யாருக்கு என்றால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ராவ்ப், பெந்தோங் பக்கத்து டுரியான் தோட்டக்காரர்கள். தினமும் அதே சரிவு, ஏறும்போது காலி, இறங்கும்போது முழுச் சுமை. ஓட்டுகிறவர் வருடக்கணக்கில் அதே பாதையில் பழகியவர். சாமான் ஏற்றும் கீழ்நிலை ரகம் விலையும் குறைவு, பக்கத்து ஊர் ஃபோர்மனே பார்த்துக்கொள்வார். கேமரன் காய்கறித் தோட்டக்காரருக்கும் அப்படியே. அவர்களிடம் போய் ஆட்டோ வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. பழைய வண்டியைத் தானே பிரித்துப் பூட்டி மகிழ்கிறவர்களும் மேனுவலோடு இருக்கட்டும், அது ஒரு தனி சந்தோஷம்.

நடுவில் ஒரு முணுமுணுப்பு. கியரைப் பற்றி மூன்று மாதம் வாதாடுகிறவர்கள் டயரைப் பற்றி மூன்று நிமிடம்கூடப் பேசுவதில்லை. கடையிலிருந்து வந்த நெடுஞ்சாலை டயரோடு சேற்றில் இறங்கினால் மேனுவலும் உட்காரும், ஆட்டோவும் உட்காரும், இழுக்க வரும் டிராக்டர்காரர் இரண்டுக்கும் ஒரே கட்டணம்தான் கேட்பார். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் பலர் வாயிலில் போய் நின்ற பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

கடைசியாக, பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு. புது பிக்கப் விலைக்கு நம்மில் பலர் பழையதைத்தான் பார்ப்போம். மேனுவல் என்றால் கைப்பிரேக்கை நன்றாக இழுத்துப் பிடித்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே திணறி அணைந்தால் தட்டு நன்றாக இருக்கிறது. அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது, அந்தச் செலவை விலையில் குறையுங்கள். ஆட்டோ என்றால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்கப் போங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். "டி", "ஆர்" மாற்றும்போது இடி விழுந்த மாதிரி உதைக்கிறதா என்று கவனியுங்கள். லோ ரேஞ்ச் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பல வண்டிகளில் அந்த லிவரை வருடக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், இறுகிப் போயிருக்கும்.

அப்புறம் நம்பிக்கையான ஃபோர்மன் ஒருவரை அழைத்துப் போய் கியர் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தெளிந்த சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்து, கருகல் வாடை அடித்தால் பேரம் பேசலாம். ரோஜா நிறத்தில் பால் கலந்த மாதிரி, கல்யாண வீட்டு சிராப் பண்டோங் போல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பெரும்பாலும் வெள்ளத்தில் நின்ற வண்டி, இல்லையென்றால் உள்ளே ஏதோ கசிகிறது. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.